பகடைப் பதில்கள்

கே: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் முதல் தடவையாக டிஎம் ஆக, அதாவது கதையை நடத்துபவராக, உட்கார்ந்தேன். ஆட வந்தவர்கள் நான்கு பேர், எல்லாரும் லெவல் 1, அதாவது தொடக்க நிலை. ஒரே ஒரு ஓகர் ராட்சசன்தானே, நாலு பேர் சேர்ந்தால் சமாளிப்பார்கள் என்று இறக்கினேன். முதல் ரவுண்டிலேயே விசார்ட் (மந்திரவாதி) செத்துப்போனார். அதை ஆடியவர் அடுத்த வாரம் வரவே இல்லை. நான் செய்தது அவ்வளவு பெரிய தப்பா?

ப: "ஒரே ஒரு" என்ற சொல்தான் உங்களை ஏமாற்றியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்புக் கணக்கில் ஓகரின் பலத்துக்கு 450 அனுபவப் புள்ளி. (இந்தப் பக்கத்தில் பதிப்பு சொல்லாத எண்களெல்லாம் அந்தப் பதிப்பின்படிதான்.) லெவல் 1-இல் நான்கு பேருக்கு "உயிருக்கே ஆபத்து" என்று புத்தகம் போடும் கோடு 400. கோட்டைத் தாண்டித்தான் இறக்கியிருக்கிறீர்கள்.

ஓகரின் தடியையும் கொஞ்சம் பாருங்கள். அடியின் அளவு இரண்டு எட்டு முகப் பகடை, கூட 4. சாதாரண லெவல் 1 விசார்டுக்கு 7 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) இருக்கும். அடி அதன் இரு மடங்கான 14-ஐத் தொட்டால் மயக்கம், பிழைப்பதற்காக உருட்டும் டெத் சேவ் எதுவும் கிடையாது, நேரே சாவு. இரண்டு பகடை 64 விதமாக விழலாம். அதில் 28 விதம் அந்தச் சாவைக் கொடுக்கும். தடி மேலே பட்டாலே ஏறக்குறைய பாதி வாய்ப்பு போய்விட்டது. உங்கள் நண்பர் தப்பாக ஆடவில்லை. ஆடுவதற்கே அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அதற்காக ஓகரை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. அது எதற்கு வந்தது என்பதை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். என் மேஜையில் அதே ஓகர் ஒரு கோவேறு கழுதையைத் தூக்கிப் போக வந்தது. சண்டை அதன் கணக்கிலேயே இல்லை. கழுதையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டது. பார்ட்டியின், அதாவது ஆட்டக்காரர் குழுவின், வரைபடமெல்லாம் கழுதையின் பையில். பின்னாலேயே ஓடினார்கள், கத்தினார்கள், பேரம் பேசினார்கள், கடைசியில் ஒருத்தர் கழுதையின் வயிற்றுப் பட்டையை அறுத்துவிட்டார். பை கீழே விழுந்தது, கழுதை போனது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் இன்றைக்கும் அந்தக் கழுதையின் பேரைச் சொல்லித் திட்டுகிறார்கள்.

உங்கள் நண்பரைக் கூப்பிட்டு, "கணக்கை நான் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது" என்று சொல்லுங்கள். மற்ற மூவரும் சரி என்றால் அந்த அடியை 13 என்று திருத்திக்கொள்ளலாம். அப்போது விசார்ட் மயங்கித்தான் கிடந்தார், குணப்படுத்தும் பூசாரியான கிளெரிக் எழுப்பிவிட்டார்.

கே: எல்லா கிளாஸிலும் (கேரக்டர் வகையிலும்) பலமானது எது?

ப: எப்போதும் பக்கத்து நாற்காலிக்காரர் எடுத்ததுதான். புதிதாக வருகிறவர் கேட்டால் ஃபைட்டர், அதாவது போர்வீரர், என்பேன். லெவல் 3-இல் சாம்பியன் என்ற உட்பிரிவை எடுத்தால் இருபது முகப் பகடையில் 20 மட்டுமல்ல, 19 விழுந்தாலும் கிரிட்டிக்கல், அதாவது பலத்த அடி. வேறு எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம், மற்றவர்கள் ஆடுவதை நிம்மதியாக வேடிக்கை பார்க்கலாம்.

கே: கோப்ளின் என்கிற குட்டிப் பூதங்களோடு எங்கள் சண்டைகள் சலிப்பாக இருக்கின்றன. வரிசையாக வருகின்றன, வரிசையாகச் சாகின்றன. கோப்ளினுக்குப் புதிதாக ஏதாவது சக்தி சேர்க்கலாமா?

ப: வேண்டாம். இருக்கும் சக்தியையே நீங்கள் இன்னும் தொடவில்லை. கோப்ளின் தன் முறையில் அடித்துவிட்டு, அதே முறையில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனாக ஒளியலாம் அல்லது அடி வாங்காமல் நழுவலாம். ஆகவே அம்பு விட்டதும் மரத்துக்குப் பின்னால் மறைய வேண்டும். அடுத்த அம்பு இன்னொரு மரத்திலிருந்து வர வேண்டும். நடு வழியில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற கோப்ளினை நான் கோப்ளின் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது, 7 ஹிட் பாயின்ட் உள்ள ஒரு ஜீவன் எதற்காகச் சாகும் வரை நின்று அடிக்கும்? இதே ஆட்டத்துக்கு 1981-இல் வந்த பேசிக் விதிகளில் இதற்கு அருமையான ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் மொரேல் (மனவுறுதி) என்று ஒரு எண். முதல் ஆள் செத்ததும் ஒரு தடவை, கூட்டத்தில் பாதி விழுந்ததும் இன்னொரு தடவை, இரண்டு ஆறு முகப் பகடையை உருட்ட வேண்டும். அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம். கோப்ளினுக்கு 7. ஒவ்வொரு உருட்டலிலும் 36-க்கு 15 பங்கு ஓடிவிடும். நான் எந்தப் பதிப்பை ஆடினாலும் இந்த விதியைக் கூடவே எடுத்துப் போகிறேன்.

இப்படித்தான் ஒரு தடவை ஆறு கோப்ளின்களில் மூன்று விழுந்ததும் ஒரு கோப்ளின் வில்லை எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. ஒரு காலில் பூட்ஸ், மறு பூட்ஸ் கையில். ஏன் கையில் என்று கேட்டார்கள். நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. "இரண்டும் இடது கால்" என்றேன். அவ்வளவுதான், சண்டை நின்றுவிட்டது. அதற்கு ஒரு வலது கால் பூட்ஸ் தேடித் தருவதாக வாக்குக் கொடுத்து, குகைக்கு வழி கேட்டு வாங்கினார்கள். மூன்று செஷன் அந்த பூட்ஸிலேயே ஓடியது.

கே: காயம் தானே ஆறிக்கொள்ளும் ட்ரோல் என்ற ராட்சசனை நெருப்பால் அடிக்க வேண்டும் என்று என் ஆட்டக்காரர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கேரக்டருக்குத் தெரியாத விஷயத்தை ஆட்டக்காரர் பயன்படுத்தலாமா?

ப: தெரிந்ததைத் தெரியாதது போல் நடிக்கச் சொல்வது எல்லாருக்கும் தண்டனை. புலி பாயும் என்று தெரிய வேட்டைக்காரனாக இருக்க வேண்டுமா? ட்ரோல் உலவுகிற நாட்டில் குழந்தைகூட அதை அறிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் அதற்கு 10 ஹிட் பாயின்ட் ஊறுகிறது. நெருப்போ அமிலமோ பட்டால்தான் அடுத்த ஊறல் நிற்கும். இந்த ரகசியத்தை நானே முதலில் போட்டு உடைத்துவிடுகிறேன். பிறகு ட்ரோலை ஒரு வைக்கோல் களஞ்சியத்தில் நிறுத்துகிறேன், பிணைக்கைதிகளைப் பரணில் ஏற்றிவிடுகிறேன். பந்தம் கையில் இருக்கிறது, விடை தெரிந்திருக்கிறது, ஆனால் கொளுத்த யாருக்கும் கை வரவில்லை. அந்த ஐந்து நிமிட அமைதிக்காகத்தான் நான் வாரம் முழுக்கத் தயார் செய்கிறேன்.

கே: எங்கள் ரோக் (திருடன் வகைக் கேரக்டர்) சொந்த பார்ட்டியிடமே திருடுகிறார். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான்" என்கிறார்.

ப: அப்படிப்பட்ட கேரக்டரை எழுதியது யார்? ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரிடம் நேராகப் பேசுங்கள். விளையாட்டுக்குள்ளேயே பழிவாங்க நினைத்தால் ஒரு மாதத்தில் மேஜையே காலியாகும்.

கே: டிஎம் தன் முன்னால் வைக்கும் திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்வது பாவமா?

ப: பாவமோ இல்லையோ, மாட்டிக்கொள்வோம். இளம் சிவப்பு டிராகனின் நெருப்பு மூச்சுக்குப் பதினாறு ஆறு முகப் பகடை, சராசரி 56. ஒரு நாள் உருட்டினேன், குவியலைப் பார்த்ததும் எல்லாரும் சாம்பல் என்று தெரிந்தது. உடனே "முப்பத்தெட்டு" என்றேன். எதிரில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "பதினாறு பகடையை ஒரே பார்வையில் கூட்டிவிட்டீர்களா?" யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அந்த டிராகனைக் கண்டு ஒருவரும் பயப்படவும் இல்லை.

இப்போதெல்லாம் சண்டை என்றால் திரையை மடக்கிவிட்டு மேஜை நடுவில் உருட்டுகிறேன். "அப்படியானால் ஓகரின் அடியை 13 ஆக்கச் சொன்னீர்களே" என்று முதல் கேள்விக்காரர் மடக்கலாம். அது எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் ஒத்துக்கொண்டு செய்வது. முப்பத்தெட்டு எனக்கு மட்டும் தெரிந்தது.

கே: ஆட்டக்காரர்களை உண்மையிலேயே பயமுறுத்திய மான்ஸ்டர் எது?

ப: டிராகன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ரஸ்ட் மான்ஸ்டர்தான். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைச் சண்டைக் காட்சிக்கு வைத்திருந்தார், அதிலிருந்து பிறந்த உருவங்களில் இதுவும் ஒன்று. 1975-லேயே விதிப் புத்தகத்தில் ஏறிவிட்டது. மொத்தம் 27 ஹிட் பாயின்ட், கடியும் பெரிய கடி இல்லை. ஆனால் அதன் மீசை தொட்டால் இரும்பு துருப்பிடிக்கும், அதை வெட்டிய வாளும் அரித்துப்போகும். உயிர் போனால் கிளெரிக் பார்த்துக்கொள்வார் என்று சிரிப்பவர்கள்கூட கவசம் என்றால் பதறிவிடுகிறார்கள்.

எங்கள் ஃபைட்டர் எட்டு செஷன் காசு சேர்த்து வாங்கிய பிளேட் கவசத்தைச் சண்டைக்கு நடுவில் கழற்றப் போகிறேன் என்றார். கழற்ற ஐந்து நிமிடம் ஆகும் என்று விதியைக் காட்டினேன். ஒரு ரவுண்ட் ஆறு வினாடி. அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், ஐம்பது ரவுண்ட். பிறகு வாளை விசார்டின் கையில் திணித்துவிட்டு, வந்த வழியே ஓடினார்.