முதல் மான் வேட்டை ரைபிள்: கழற்றிப் பூட்டுவதா, முழுநீளமா?

தம்பி, கனடாவுக்கு வந்து துப்பாக்கி உரிமமும் எடுத்துவிட்டீர்கள்; வரும் இலையுதிர்காலத்தில் ஒன்ராறியோவில் வெண்வால் மான் வேட்டைக்குப் போக விரும்புகிறீர்கள். தொடர்மாடியில் வசிப்பதாலும் கார் சிறியது என்பதாலும், குழலைக் கழற்றி இரண்டு துண்டாக வைத்துக்கொள்ளக்கூடிய ‘டேக்டவுன்’ ரைபிள் வாங்கலாமா, வழக்கமான ரைபிளே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே நெடுங்காலமாக வேட்டைக்குப் போய்வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் ரைபிள் கழற்றாத, சாதாரண போல்ட் ரைபிளாகவே (குழலின் பின்புறத்தை அடைக்கும் ‘போல்ட்’ என்ற உருளையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) இருக்கட்டும்.

காரணம், குழலும் உடற்பகுதியும் (போல்ட் இயங்கும் நடுப்பகுதி) சேரும் இணைப்பில் இருக்கிறது. சாதாரண ரைபிளில் குழலைத் தொழிற்சாலையிலேயே இறுக்கித் திருகிவிடுகிறார்கள். ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, உடற்பகுதியின் மேல் உட்காருகிறது. சுடுதளத்தில் ஒருமுறை குறியைச் சரிசெய்தால், ஸ்கோப் அடிபடாமலும் தோட்டா வகையை மாற்றாமலும் இருக்கும்வரை அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். டேக்டவுனில் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் குழல் பழைய இடத்திலேயே உட்கார்ந்ததா என்ற கேள்வி புதிதாக எழுகிறது. இணைப்புக்குள் ஒரு மணல் துகளோ, தடித்துப்போன எண்ணெயோ இருந்தாலும் குழல் மயிரிழை சாய்ந்து நிற்கும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு விலகினால் 100 மீட்டரில் அது ஏறக்குறைய 3 செ.மீ., 200 மீட்டரில் 6 செ.மீ. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் 20 செ.மீ. அகலம்தான். மூச்சிரைப்பும் குளிரும் பதற்றமும் சேர்ந்து உங்கள் கையே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தைத் துப்பாக்கியும் தின்றால், அடிபட்ட மான் புதருக்குள் ஓடி மறைந்து, இருட்டும் வேளையில் இரத்தத் தடத்தைத் தேடி நடக்க வேண்டிவரும். அந்த உயிர் படும் வேதனைக்கு நாம் பொறுப்பு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எல்லா டேக்டவுன்களும் ஒன்றல்ல. ஜெர்மன் தயாரிப்பான பிளாசர் ஆர்8 ரைபிளில் ஸ்கோப்பின் தாங்கி குழலின் மேலேயே பூட்டப்படுகிறது, போல்ட்டும் நேராகக் குழலுக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. ஆகவே குழலும் ஸ்கோப்பும் பிரியாமல் ஒன்றாக வருகின்றன; மீண்டும் பூட்டினால் குறி ஏறத்தாழ அதே இடத்துக்குத் திரும்புகிறது. ஆனால் அதன் விலைக்கு நல்ல சாதாரண ரைபிள்கள் பல வாங்கலாம். விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் வகையான பிரௌனிங் பி.எல்.ஆர். டேக்டவுனில் வழக்கமாக ஸ்கோப் உடற்பகுதியில் இருக்க, குழல் தனியே வந்துவிடுகிறது. அதிலும் ஒரு நன்மை உண்டு: பல நெம்புகோல் ரைபிள்களைக் குழலின் வாய்ப்பக்கமாகத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், குழல் கழன்றால் பின்பக்கமாகவே துடைப்பான் கம்பியை விடலாம். 2012இல் வந்த ருகர் 10/22 டேக்டவுன் கையடக்கமானது, ஆனால் அது சுடுவது .22 ரிம்ஃபயர் என்ற வலுக்குறைந்த சிறு தோட்டா, மானுக்கு அது உதவாது, ஒன்ராறியோச் சட்டமும் அனுமதிக்காது.

தொடர்மாடியும் சிறிய காரும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தடையல்ல. சாதாரண ரைபிள் சுமார் 107 செ.மீ. நீளம், உறையிலிட்டுப் பின்னிருக்கையை மடித்தால் எந்தச் சிறிய காரிலும் கிடக்கும். கழற்றி வைத்திருப்பதால் சட்டத்தில் சலுகை எதுவும் இல்லை. உடற்பகுதி சட்டப்படி துப்பாக்கிதான். தோட்டா நீக்கியே கொண்டுசெல்ல வேண்டும்; காரை விட்டு இறங்கினால் டிக்கிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும்; டிக்கி இல்லாத வண்டியில் வெளியே தெரியாமல் வைத்து வண்டியைப் பூட்ட வேண்டும். வீட்டில் விசைப்பூட்டுப் போடலாம், பூட்டிய பெட்டியில் வைக்கலாம், அல்லது போல்ட்டைக் கழற்றித் தனியே வைக்கலாம்; சாதாரண ரைபிளில் போல்ட் ஒரு நொடியில் கையோடு வந்துவிடும். தோட்டாக்களை எளிதில் கைக்கெட்டாத வேறிடத்தில் வையுங்கள், அல்லது பூட்டி வையுங்கள். கழற்றியபின் நீளம் 660 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் துப்பாக்கி வகைக்குள் போய்விடுமே என்ற அச்சமும் வேண்டாம். மடித்த நிலையிலேயே சுடக்கூடிய துப்பாக்கிகளுக்கு உரிய விதி அது.

எதை வாங்குவதானாலும், அதற்கு முன் நீங்கள் போகவிருக்கும் வனவிலங்கு மேலாண்மைப் பிரிவின் (வேட்டை விதிகளுக்காக மாகாணம் பிரித்திருக்கும் பகுதி) விதிகளைப் பாருங்கள். தெற்கு ஒன்ராறியோவின் பல பிரிவுகளில் மானுக்கு ரைபிளே கூடாது. ஷாட்கன், குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடும் துப்பாக்கி, வில் ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. அங்குதான் போகிறீர்கள் என்றால் இந்தக் கேள்வியே எழாது. ரைபிளுக்கு அனுமதியுள்ள பிரிவு என்றால் .308 வின்செஸ்டர் அல்லது 6.5 கிரீட்மூர் தோட்டாவைச் சுடும் ரைபிள் போதும்.

மிதவை விமானத்தில் வடக்கே மூஸ் (மிகப் பெரிய மான் இனம்) வேட்டைக்குப் போகிறவருக்கும், சிறு படகைத் தோளில் தூக்கி ஏரிக்கு ஏரி கடக்கிறவருக்கும், அடிக்கடி விமானத்தில் பறந்து வேட்டைக்குப் போகிறவருக்கும் டேக்டவுன் தன் விலைக்கான பயனைத் தரும். உங்களுக்கும் அப்படி ஒரு தேவை வந்தால், ஸ்கோப் குழலோடு நிற்கும் வகையையே தேடுங்கள். வாங்கியதும் சுடுதளத்தில் 100 மீட்டரில் மூன்று தோட்டா சுட்டு, முழுவதும் கழற்றி, இணைப்பை உலர்ந்த துணியால் துடைத்துப் பூட்டி, அதே தாளில் மீண்டும் மூன்று சுடுங்கள். இதைச் சில முறை செய்து, மூன்று மூன்றாக விழுந்த துளைக் கூட்டம் ஒவ்வொன்றின் நடுப்புள்ளியும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்குள் நின்றால் நம்பி எடுத்துப் போகலாம். அதற்கு மேல் அலைந்தால், வேட்டை முகாமுக்குப் போய்ப் பூட்டிய பிறகு குறியைச் சரிபார்க்காமல் காட்டுக்குள் இறங்காதீர்கள்.