"மூதேவி"க்கு எத்தனை புள்ளி?

மட்டக்களப்பில் ஒரு சிறிய செய்திப் பக்கத்துக்கு வரும் கொமென்ட்டுகளை வடிகட்ட நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மொடல் பழக்கினோம். மொடல் என்றால், நாங்கள் காட்டிய உதாரணங்களைப் பார்த்துப் படித்து, புதிய கொமென்ட் நச்சா என்று 0 முதல் 1 வரை புள்ளி போடும் நிரல். நச்சுப் பேச்சைக் கொம்பியூட்டர் எப்படி அளக்கிறது என்று கேட்க நினைத்தவர்கள் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கெட்ட வார்த்தைகளில் "மூதேவி", "பேயன்" அளவோடு நிறுத்திக்கொண்டேன். மற்றவை உங்களுக்கே தெரியும்.

ஏறாவூர், ஆசிரியர் ஒருவர்: நச்சு என்று எதை அளக்கிறீர்கள் மிஸ்? ஏச்சையா, வெறுப்பையா?

மொடலைப் பழக்கியவர் எதைக் காட்டி "இது நச்சு" என்று சொன்னாரோ, அதை. மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம் சேர், உண்மையே இதுதான். கூகுளைச் சேர்ந்த ஜிக்சோ 2017 இல் பெர்ஸ்பெக்டிவ் என்ற கருவியை வெளியிட்டது. அவர்கள் கணக்கில் நச்சு என்றால், முரட்டுத்தனமாகவோ மரியாதையில்லாமலோ நியாயமில்லாமலோ எழுதப்பட்டு, வாசிப்பவரை அந்தப் பேச்சை விட்டே எழும்பிப் போக வைக்கக்கூடியது. அது பொய்யா, சட்டத்துக்கு விரோதமா, ஆபத்தா என்ற கேள்வியே அங்கு இல்லை.

பிறகு அவர்கள் கக்கிள் என்ற தரவுப் போட்டித் தளத்தில் நடத்திய போட்டிக்கு விக்கிப்பீடியாவின் பேச்சுப் பக்கங்களிலிருந்து ஏறத்தாழ 160,000 கொமென்ட்டுகளைக் கொடுத்தார்கள். கொமென்ட்டுகளுக்கு ஆட்கள் போடும் குறி, அதாவது லேபல், ஆறு: நச்சு, கடும் நச்சு, ஆபாசம், மிரட்டல், அவமதிப்பு, அடையாள வெறுப்பு. நாங்களும் முதலில் ஆறு வைத்துப் பார்த்தோம். லேபல் போடுபவர்கள் பிளேன்டீ ஆறும் வரைக்கும் சண்டை பிடித்தார்கள். கடைசியில் மூன்றாகக் குறைத்தோம்: ஆளை ஏசுவது, சமூகத்தைத் தாக்குவது, மிரட்டுவது.

கல்லடி, மாணவர்: மொடல் போடும் புள்ளி 0.9 என்று வந்தால் 0.5 ஐ விட மோசமான கொமென்ட் என்றுதானே அர்த்தம்?

இல்லைத் தம்பி. எல்லாரும் வழுக்குகிற இடம் இது. அந்த எண் நிகழ்தகவு. பத்துப் பேர் வாசித்தால் ஒன்பது பேர் "இது நச்சு" என்பார்கள் என்ற கணிப்பு. "நீ ஒரு பேயன்" என்பதற்கு 0.95 வரலாம், ஏனென்றால் அது ஏச்சு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "உன் மகள் எந்த பஸ்ஸில் டியூஷன் போறாள் என்று எனக்குத் தெரியும்" என்பதற்கு 0.2 கூட வராமல் போகலாம். இரண்டில் எது உங்களை இரவில் தூங்க விடாது?

அக்கரைப்பற்று: கெட்ட சொற்களைப் பட்டியல் போட்டு மறைத்தால் போதாதா?

முதல் நாள் போதும். இரண்டாம் நாளே எழுத்துக்கு நடுவில் புள்ளி வைப்பார்கள், மூன்றாம் நாள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்கள். பட்டியல் தேவையில்லை என்று சொல்லவில்லை, தனியாக அது நிற்காது.

ஆரையம்பதி, ஒரு அக்கா: என் அம்மம்மா பேரனை "நாசமறுவான், வாடா மனே சோறு தின்ன" என்றுதான் கூப்பிடுவா. அவவையும் உங்கட மெசின் பிடிக்குமா?

பிடிக்கும் அக்கா, தயங்காமல் பிடிக்கும். அந்தச் சொல்லில் உள்ள பாசம் எழுத்தில் இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது. மொடலுக்குக் கிடைப்பது எழுத்து மட்டும். கூட்டாளிகள் பிறந்தநாளுக்கு ஒருவனை "மூதேவி, நூறு வருசம் இரு" என்று வாழ்த்துவதும் இதே கதைதான்.

நாங்கள் செய்தது என்னவென்றால், லேபல் போடுபவருக்குத் தனிக் கொமென்ட்டை மட்டும் காட்டாமல் அதற்கு முன்னால் வந்ததையும் சேர்த்துக் காட்டினோம். லேபல் போட ஒரே மாதிரி ஆட்களை எடுக்காமல் படுவான்கரையில் ஒருவர், காத்தான்குடியில் ஒருவர், இருபது வயதுக்குள் ஒருவர் என்று எடுத்தோம். அப்புறம் அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளந்தோம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பேர் 100 கொமென்ட்டில் 90 க்கு ஒரே லேபல் போட்டால் பிரமாதம் போலத் தெரியும். ஆனால் இருவருமே பத்தில் ஒன்றைத்தான் நச்சு என்கிறார்கள் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 82 ஒத்துப்போகும் (இருவரும் நச்சு என்பது 1, இருவரும் இல்லை என்பது 81). அந்த 82 ஐக் கழித்துப் பார்க்கும் அளவுக்குக் கோஹனின் கப்பா என்று பெயர். 100 இல் 82 போக மிச்சம் 18, 90 இல் 82 போக மிச்சம் 8. 18 இல் 8, அதாவது 0.44. பிரமாதம் என்றது சுமாருக்கு இறங்கிவிட்டது. மனிதருக்குள்ளேயே இவ்வளவுதான் ஒற்றுமை என்றால் மொடல் 99 வீதம் சரி என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

களுவாஞ்சிகுடி: எங்கள் புரொஜெக்டில் 95 வீதம் துல்லியம் வந்தது. சந்தோசப்படலாமா அக்கா?

1,000 கொமென்ட்டில் 50 தான் நச்சு என்றால், எல்லாவற்றையும் "நல்லது" என்று சொல்லும் ஒரு மரக்கட்டைக்கும் 95 வீதம் கிடைக்கும். இரண்டு கேள்வி கேளுங்கள். மொடல் பிடித்தவற்றில் உண்மையிலேயே நச்சு எத்தனை? இருந்த நச்சில் எத்தனையைப் பிடித்தது? ஒன்றைக் கூட்டினால் மற்றது பெரும்பாலும் குறையும். எந்தப் பிழை உங்களுக்குத் தாங்கும் என்று பார்த்து வெட்டுப்புள்ளியை வையுங்கள். எங்களுடையது 0.8. அதற்கு மேலே போனால் கொமென்ட் அழியாது, ஒரு ஆள் பார்க்கும் வரை காத்திருக்கும்.

காத்தான்குடி, தங்கச்சி ஒருவர்: எங்கள் ஊர்ப் பெயர் வந்தாலே கொமென்ட் மறைகிறது. இது பாகுபாடு இல்லையா?

பாகுபாடுதான். யாரும் வேண்டுமென்று செய்திருக்கத் தேவையில்லை. பழக்கிய தரவில் ஒரு ஊரின் பெயரோ சமூகத்தின் பெயரோ பெரும்பாலும் ஏச்சோடு சேர்ந்தே வந்திருந்தால், மொடல் அந்தப் பெயரையே நச்சு என்று படித்துவிடும். ஆங்கிலத்தில் "நான் ஒரு கறுப்பினப் பெண்" போன்ற வெறும் அறிமுக வாக்கியங்களுக்கே தொடக்ககால மொடல்கள் கூடிய புள்ளி கொடுத்தன. அமெரிக்கக் கறுப்பினத்தவர் பேசும் ஆங்கிலத்தை இந்தத் தரவுகளும் மொடல்களும் கூடுதலாக நச்சு என்று குறிக்கின்றன என்று 2019 இல் ஓர் ஆய்வு காட்டியது.

எங்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஒரு வருடம் ஏப்ரல் 21 அன்று, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் இங்கே சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களை நினைத்து எழுதப்பட்ட அஞ்சலிகளை எங்கள் மொடல் வரிசையாகத் தடுத்து வைத்தது. "குண்டு", "கொன்ற", "பிள்ளைகள்" என்ற சொற்கள் போதுமாக இருந்திருக்கின்றன. மத்தியானம் வரை நாங்கள் கவனிக்கவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. "தொப்பி பிரட்டி" என்பதில் தொப்பியும் நல்ல சொல், பிரட்டுவதும் நல்ல சொல். சேர்த்தால் முஸ்லிம்களைக் குத்தும் சொல் என்று இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சென்னையில் இருந்து லேபல் போடுகிறவருக்குத் தெரியாது. அவருக்குக் "காக்கா" பறவை, இங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணன்.

பரிகாரம் என்று கேட்டால், ஊர்ப் பெயர்களும் சமூகப் பெயர்களும் சாதாரணமாக வரும் வாக்கியங்களை, கந்தூரி, திருவிழா, கிரிக்கெட் மெட்ச் எல்லாவற்றையும், தரவில் நிறையச் சேர்க்க வேண்டும். பிறகு ஒரே வாக்கியத்தில் ஊரை மட்டும் மாற்றிப் போட்டு (காத்தான்குடி, ஆரையம்பதி, அம்பாறை) புள்ளி மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வந்தாறுமூலை, மாணவி: தமிழுக்குத் தரவு எங்கே இருக்கிறது?

2021 இல் திராவிட மொழிப் பட்டறை ஒன்றுக்காக வெளியிட்ட தொகுப்பில் ஏறத்தாழ 44,000 யூடியூப் கொமென்ட்டுகள் உள்ளன, தமிழும் ஆங்கிலமும் கலந்து. பெரும்பாலும் சினிமா ட்ரெய்லருக்குக் கீழே எழுதப்பட்டவை. ரசிகர் சண்டையை நன்றாகக் கண்டுபிடிக்கும், எங்கள் தேர்தல் காலச் சண்டையைக் கண்டுபிடிக்காது. சிங்களத்துக்கு 10,000 ட்வீட்டுகள் கொண்ட தொகுப்பு ஒன்று இருக்கிறது. இலங்கைத் தமிழுக்கு நீங்களேதான் சேர்க்க வேண்டும்.

அம்பாறை: 2018 இல் இப்படியொரு மொடல் இருந்திருந்தால் எங்கள் ஊரில் நடந்ததைத் தடுத்திருக்குமா?

நான் நினைக்கவில்லை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அந்த வருடம் பெப்ரவரி 26 இரவு, முஸ்லிம் கடையொன்றில் சாப்பாட்டுக்குள் கருத்தடை மாத்திரை போடுகிறார்கள் என்று கதை கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொல்ல முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கண்டி எரிந்தது, மார்ச் 7 இல் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது.

"அந்தக் கடையில் சாப்பாட்டில் மாத்திரை போடுகிறார்கள், கவனம்." இந்த வாக்கியத்தில் ஏச்சு இருக்கிறதா? மரியாதைக்குறைவு இருக்கிறதா? ஊரில் அக்கறை உள்ளவர் எழுதியது போலவே இருக்கிறது. நச்சு மொடல் இதற்கு மிகக் குறைந்த புள்ளி கொடுக்கும். அதற்குக் கீழே கோபப்பட்டு "பொய் சொல்லாதே மூதேவி" என்று எழுதும் நல்ல மனிதருக்குத்தான் கூடிய புள்ளி விழும். வதந்தியைப் பிடிப்பது வேறு வேலை. அதற்கு உண்மை எது என்று போய் விசாரிக்கும் ஆட்கள் வேண்டும். மொடல் வைத்திருக்கிறோம் என்று ஒரு நிறுவனம் அமைதியாக இருந்தால் எனக்குப் பயம் வருவது இதனால்தான். பேஸ்புக் 2020 இல் இந்த வன்முறையில் தன் தளத்தின் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

சட்டம் படிக்கும் ஒருவர்: 2024 ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் இந்தப் புள்ளியை ஆதாரமாகக் காட்டலாமா?

நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் அந்தச் சட்டம் பெரிதும் பேசுவது பொய்யான கூற்றுகளைப் பற்றி. மேலே சொன்னதுபோல இந்தப் புள்ளிக்கு உண்மை பொய் தெரியாது. 0.93 ஐக் காட்டி ஒருவரைக் கூண்டில் ஏற்ற யாராவது முயன்றால் எதிர்த்தரப்புக்கு நானே வந்து சாட்சி சொல்வேன்.

பொத்துவில்: கிண்டலைப் புரிந்துகொள்ளுமா?

"ஆஹா, என்ன அருமையான றோட்டு, மீன் வளர்க்கலாம்." ம்ஹூம்.

கல்முனை: மடிக்கணினி ஒன்றுதான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

எழுத்தைச் சுத்தம் செய்வதில். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கொமென்ட்டுகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். யூனிகோடிலும் "கொ" இரண்டு விதமாக வரும்: ஒற்றைக் குறியாக ஒன்று, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டியது இன்னொன்று. கண்ணுக்கு ஒன்று, கொம்பியூட்டருக்கு இரண்டு. இதைச் சரிப்படுத்தாமல் நான் இரண்டு கிழமை வீணாக்கினேன்.

அப்புறம் சொற்களை விட்டுவிட்டு மூன்று முதல் ஐந்து எழுத்துத் துண்டுகளை எடுத்து லொஜிஸ்டிக் றெக்ரஷன் என்ற எளிய கணிப்பு முறையைப் போடுங்கள். எழுத்துப்பிழைக்கும் ஆங்கில எழுத்துத் தமிழுக்கும் துண்டுகள் தாக்குப்பிடிக்கும், உங்கள் மடிக்கணினியில் சில நிமிடத்தில் முடியும். மியூரில், எக்ஸ்எல்எம்-ஆர் போன்ற, பல மொழிகளில் ஏற்கனவே பழக்கிய பெரிய மொடல்களைப் பிறகு பாருங்கள். அவை இதைவிட எவ்வளவு மேல் என்று காட்ட உங்களுக்கு இந்த அடிமட்டக் கணக்கு வேண்டும். சாட்ஜிபிடியிடம் கேட்டாலும் அதே கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும்.

சோதனைக்கு ஒதுக்கிய கொமென்ட்டுகளை மொடல் பழக்கும்போது தொடாதீர்கள். லேபல் போடுபவர்களை ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். எங்களோடு இருந்த ஒருவர் மூன்றாம் வாரம் போனை வீட்டில் வைத்துவிட்டு வாவிக்கரையில் போய் உட்கார்ந்திருந்தார், நாங்கள் தேடிப் போய்த்தான் கூட்டி வந்தோம்.