பாயா, ஸ்லீப்பிங் பேக்கா? நடைப்பயணப் படுக்கை பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் குழுவில் நானும் அம்மாவும் சேர்ந்திருக்கிறோம். அம்மாவுக்கு 62 வயது, இடுப்பு வலி உண்டு. ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு ஸ்லீப்பிங் பேக் பார்த்தேன். ஆளுக்கு ஒன்று வாங்கிவிடலாமா, கோரைப்பாயே போதுமா?
– மஞ்சக்குப்பம் வாசகி

பதில்: ஸ்லீப்பிங் பேக் வாங்காதீர்கள், அம்மா. உடம்புச் சூடு வெளியே போகாமல் அடைத்து வைப்பதற்காகவே செய்த பொருள் அது. நீங்கள் பார்த்த பக்கத்திலேயே '5 டிகிரி வரை தாங்கும்' என்பதுபோல ஏதாவது போட்டிருப்பார்கள். ஆகஸ்டில் நம் கடலோர ராத்திரியில் 25 டிகிரிக்குக் கீழே போனாலே பெரிய விஷயம். ஜிப்பைத் திறந்து விரித்து அதன்மேல் படுப்பீர்கள். வேர்வை உள்ளே இருக்கும் பஞ்சில் இறங்கும், விடியற்காலை சுருட்டும்போது ஈரம் அப்படியே இருக்கும். மூன்றாம் நாள் நாற்றம் தாங்காது.

நம் ஊர் நடைக்குப் பணம் போட வேண்டியது கீழே விரிப்பதற்குத்தான். சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் என்று 120 கிலோமீட்டருக்கு மேல் போகிற வழியில் படுக்கக் கிடைப்பது பள்ளிக்கூட வராண்டா, கோயில் கூடம், கல்யாண மண்டபம். பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் தரை ராத்திரி பத்து மணிக்கும் அனல் விடும். அந்த மாதத்தில் சாயங்கால இடிமழை வேறு சகஜம், சாரல் வராண்டாவுக்குள் வரும். கொடியேற்றம் ஆகஸ்ட் 29, திருவிழா செப்டம்பர் 8. அந்த நாட்களில் கூட்டம் நெருக்கும். கூரைக்குக் கீழே நடு இடம் எல்லோருக்கும் கிடைக்காது.

கோரைப்பாய் வேர்வையை இழுக்கும், முதுகுக்குக் குளிர்ச்சி. வீட்டில் எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் மடிக்க முடியாது, மடித்தால் கோரை முறியும். நனைந்தால் காய நேரமாகும், காயாமல் சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே நடைக்கு, நாலாக மடிக்கிற பிளாஸ்டிக் பாய். துடைத்தால் ஈரம் போய்விடும். அதில் நேராகப் படுத்தால் வேர்த்து ஒட்டும் என்பதால் மேலே ஒரு பருத்திக் கைலியை விரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இது போதும்.

அம்மாவுக்குப் போதாது. இடுப்பு வலிக்காரருக்கு வெறும் பாயில் தோளும் இடுப்பும் தரையில் அழுந்தும். அவருக்கு யோகா மேட் மாதிரியான ஃபோம் விரிப்பு ஒன்று வாங்குங்கள், குறைந்தது 10 மில்லிமீட்டர் தடிமனில். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். விரிப்பின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் அழுத்துங்கள். தண்ணீர் மேலேயே உருண்டு நின்றால் எடுங்கள். உள்ளே இறங்கினால் அது ஸ்பாஞ்ச். மழையில் ஒருமுறை நனைந்தால் தூக்க முடியாது. பிறகு கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். குழி உடனே மேலெழும்பவில்லை என்றால் ராத்திரி முழுக்க ஒரு ஆள் படுத்தால் தட்டையாகிவிடும்.

போர்த்திக்கொள்ளப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பலமுறை துவைத்துக் கஞ்சி போன பழைய கைலியோ மெல்லிய பருத்திப் புடவையோ போதும். வாங்கியே ஆக வேண்டும் என்றால், 'காட்டன்' என்று விற்பதில் பாதிக்குப் பாதி பாலியஸ்டர் கலந்திருக்கலாம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டியாகும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும். ஜமுக்காளம் நல்ல பொருள்தான், ஆனால் அதன் எடைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.

கொசுவலை கட்டாயம், ஆளுக்கு ஒன்று. கட்ட நாலு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள், வராண்டாவில் தூணும் ஜன்னல் கம்பியும்தான் உதவும். கை கால் வலையில் பட்டுக்கொண்டிருந்தால் வெளியிலிருந்தே கடிக்கும் என்பதால் அகலம் பார்த்து வாங்குங்கள். காற்றுத் தலையணையைப் பாதிதான் ஊத வேண்டும். முழுக்க ஊதினால் கழுத்து மடங்கி மறுநாள் வலிக்கும். தலையணை உறைக்குள் மாற்றுத் துணியைத் திணித்தாலே வேலை முடிந்தது, அதற்கும் செலவில்லை.

எல்லாவற்றையும் கட்டி மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். தோளில் சுமப்பதென்றால் படுக்கை மட்டும் ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. உங்கள் குழுவோடு குட்டி யானை வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அம்மாவின் ஃபோம் விரிப்பை அதில் ஏற்றிவிடலாம். பாயும் கைலியும் மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். மழையில் வண்டி ஓரிடம், ஆட்கள் ஓரிடம் என்று ஆவது உண்டு.

கேள்வி: பிரான்சில் இருக்கும் மச்சானோடு ஜூலையில் ஸ்பெயினின் சாந்தியாகோ பாதையில் நடக்கப் போகிறேன். அங்கேயும் வெயில்தானே, போர்வை மட்டும் போதுமா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: போதாது, சார். மேலே சொன்னது நம் கடலோரத்துக்கு. பிரான்ஸ் எல்லை ஊரான சேன் ழான் பியே தெ போரில் தொடங்கும் பாதை ஏறக்குறைய 780 கிலோமீட்டர். முதல் நாளே பிரெனே மலை ஏற்றம், பிறகு க்ரூஸ் தே ஃபெர்ரோ என்ற மலை உச்சி ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். ஜூலையிலும் மேலே இரவில் குளிரும். அல்பெர்கே எனப்படும் யாத்ரீகர் விடுதிகளில் கட்டிலும் மெத்தையும் உண்டு, கம்பளி எல்லா இடத்திலும் கிடைக்காது. மெல்லிய கோடைக்கால ஸ்லீப்பிங் பேக், 700 கிராமுக்குள், எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் 'கம்ஃபர்ட்', 'லிமிட்', 'எக்ஸ்ட்ரீம்' என்று மூன்று வெப்பநிலை அளவுகள் இருக்கும். கம்ஃபர்ட், அதாவது குளிராமல் தூங்கக்கூடிய அளவு, 10 முதல் 15 டிகிரிக்குள் இருப்பதை வாங்குங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான அளவு, அதைப் பெரிதாக அச்சடித்து விற்பவரை நம்பாதீர்கள்.

ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுப் படுக்க மெல்லிய துணி உள்ளுறை ஒன்றும் வேண்டும். அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. 36 அங்குல அகல மல் துணி நாலரை மீட்டர் எடுத்து, நீளம் சரிபாதியாகும்படி மடித்து இரண்டு பக்கமும் தைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் மேலிருந்து இரண்டடி திறந்தே இருக்கட்டும், ஏறி இறங்க வசதி. அந்தப் பாதையில் மூட்டைப்பூச்சித் தொல்லை உண்டு. படுக்குமுன் மெத்தையின் தையல் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பையைக் கட்டில்மேல் வைக்கவே வைக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய காற்று மெத்தை முதல் நாளே காற்று இறங்கிவிட்டது. 'இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள்.
– நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: பழுதான பொருளுக்கு அந்தப் பேச்சு செல்லாது. 2020 மின்வணிக விதிகளின்படி பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. மெத்தையை சோப்புத் தண்ணீரில் அழுத்தி, குமிழி வருகிற இடத்தை வீடியோ எடுங்கள். பில்லோடு சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.