வசைகளை நிறுத்த சொந்தப் பெயர் போதுமா?

"சமூக வலைத்தளங்களில் எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கினால் வசைகளும் பொய்களும் குறைந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது என்பதே என் பதில். அதோடு, அப்படிக் கட்டாயமாக்கினால் பேச வேண்டியவர்கள் பலர் வாய் திறக்காமலே போய்விடுவார்கள்.

முதல் நான்கு ஆண்டுகள் நானும் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடுதான் எழுதினேன். மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்வதைப் பற்றி ஓர் இரவு நான்கு பத்திகள் எழுதி வெளியிட்டேன். சில வாரங்கள் கழித்து ஒரு வேலைக்கான நேர்காணலில், எதிரே அமர்ந்திருந்தவர் தம் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயர், என் படம், அதே நான்கு பத்திகள். "இப்போது உடம்பு பரவாயில்லையா?" என்று கனிவாகத்தான் கேட்டார். வேலை கிடைக்கவில்லை. அதற்கு அந்தப் பதிவுதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் அதன் பிறகு நோயைப் பற்றிச் சொந்தப் பெயரில் ஒரு வரிகூட எழுத என்னால் முடியவில்லை.

நீங்கள் சொல்லும் கட்டாயத்தைத் தென் கொரியா சட்டமாகவே போட்டுப் பார்த்தது. பெரிய இணையதளங்களில் கருத்து எழுதுபவர்கள் தாங்கள் யார் என்பதை உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி 2007இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. இப்படி அடையாள விவரங்களைச் சேர்த்துவைப்பதில் உள்ள ஆபத்தும் தெரிந்தது: 2011இல் அந்நாட்டின் பெரிய தளங்கள் இரண்டில் சேர்ந்திருந்த சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியை ஒருமனதாக ரத்து செய்தது; சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததற்குச் சான்று இல்லை என்பதும், பயனர்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பதும் அது சுட்டிய காரணங்களில் அடங்கும். 2011இல் தொடங்கிய கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளமும் உண்மைப் பெயரை வற்புறுத்திப் பல கணக்குகளை முடக்கியது; 2014இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தானே கைவிட்டது.

இது எனக்கு வியப்பாக இல்லை. குடும்பப் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு, முழுப் பெயரோடு, முன்பின் தெரியாத பெண்ணைக் கூசாமல் திட்டுபவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். தன்னைச் சுற்றியிருப்பவர்கள் கைதட்டும்போது பெயர் வெளியே தெரிவதில் அவர்களுக்கு என்ன அச்சம்? பெயர் தெரிந்தால் அஞ்ச வேண்டியவர்கள் வேறு: வன்முறை செய்யும் கணவரிடமிருந்து தப்பி வந்தவர், அலுவலக முறைகேட்டைச் சொல்ல நினைப்பவர், நோயை மறைத்து வாழ்பவர்.

ஃபேக் ஐடிகளை நான் ஆதரிப்பதாக எண்ண வேண்டாம். இன்னொருவர் பெயரிலும் படத்திலும் உலவுவது ஆள்மாறாட்டம். திட்டுவதற்கென்றே ஒரு கணக்கைத் திறந்து மறுநாள் மூடிவிடுவது கோழைத்தனம். பல ஆண்டுகளாக ஒரே புனைபெயரில் எழுதுபவருக்கோ அந்தப் பெயரில் சேர்த்த மதிப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை இழக்க அவர் துணிய மாட்டார். நான் இப்போது எழுதும் பெயர் அப்படிப்பட்டதுதான். அந்தப் பெயரில் தவறாகச் சொன்னவற்றுக்கு அந்தப் பெயரிலேயே மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.

புனைபெயரில் எழுத விரும்பினால் அதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களைத் தளத்தோடு பகிராதீர்கள். "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்" என்று உங்கள் கணக்கை மேலதிகாரிக்குக் காட்டிவிட அந்த எண்களே போதும். தளத்தின் விதியையும் முதலில் படித்துவிடுங்கள். ஃபேஸ்புக் இன்றும் அன்றாட வாழ்வில் வழங்கும் பெயரைத்தான் கேட்கிறது.

நான் இருக்கும் இணைய மனநலக் குழு ஒன்றில், ஒரு பூவின் பெயரை வைத்துக்கொண்ட ஒருவர் நள்ளிரவு தாண்டி, "மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று விடியும் வரை மூன்று பேர் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். எட்டு மாதங்கள் கழித்து அதே கேள்வியோடு வேறொருவர் வந்தபோது முதலில் பதில் எழுதியது அந்தப் பூவின் பெயர்தான். அவருடைய உண்மைப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.