கொட்டமுத்த அரைச்சுக் குடுத்துறாதீங்க தாயி

கேள்வி: டாக்டரம்மா, எங்கம்மாவுக்கு மார்புல கேன்சர், மதுரை பெரியாஸ்பத்திரியில பாத்துக்கிட்டு இருக்கோம். ஆமணக்கு வெஷத்துல கேன்சர் மருந்து செய்றாங்கன்னு எங்க சித்தப்பா படிச்சுட்டு வந்து, கொல்லையில கெடக்குற கொட்டமுத்தையே அரைச்சு மோர்ல குடுப்போமேங்குறாரு. குடுக்கலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேணவே வேணாம் தாயி, ஒரு கொட்டை கூட. ஏற்கனவே குடுத்திருந்தா வாந்தி வரட்டும்னு பாத்துக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு ஓடுங்க, அதுக்கு மாத்து மருந்து கெடையாது.

வெளக்கெண்ணெய் குடிக்கிறோமேன்னு சித்தப்பா கேப்பாரு. அந்த வெஷம் ரிசின்னு ஒரு புரதம், எண்ணெயில கரையாது, புண்ணாக்குலயே தங்கிரும். அதான ஆமணக்குப் புண்ணாக்க மாட்டுக்கு வைக்காம வயலுக்கு உரமா போடுறோம்!

அவரு படிச்சது பொய் இல்ல, ஆனா பாதிதான். ரிசின்ல ரெண்டு துண்டு இருக்கு, ஒண்ணு செல்லு மேல இருக்குற சர்க்கரையப் புடிச்சு ஒட்டிக்கும், இன்னொண்ணு உள்ள போயி புரதம் செய்யுற ரைபோசோம வரிசையா கெடுத்துக்கிட்டே போகும், ஒரே மூலக்கூறு நிமிஷத்துக்கு 1000க்கு மேல கெடுத்துரும். அந்தச் சர்க்கரை கொடல் செல்லு மேலயும் இருக்கு, ஈரல் செல்லு மேலயும் இருக்கு, அப்ப அரைச்சுக் குடிச்சா கேன்சர மட்டும் எப்படித் தேடிப் போகும்?

ஆன்டிபாடின்னா ஒண்ண அடையாளம் பாத்துப் போயி ஒட்டிக்கிற புரதம். 1975ல கோலர், மில்ஸ்டைன்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஒரே மாதிரி ஆன்டிபாடிய வேணுங்குற அளவுக்கு செய்ய வழி கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் ரிசின்ல ஒட்டுற துண்ட கழட்டிட்டு அங்க கேன்சர் செல்ல அடையாளம் பாக்குற ஆன்டிபாடிய மாட்டிப் பாத்தாங்க. அப்பவும் ரத்தக் குழாய்லேர்ந்து தண்ணி கசிஞ்சு ஒடம்பு வீங்குச்சு, ஒடம்பு அந்த வெஷத்துக்கே எதிர்ப்பு உண்டாக்கி அடுத்த டோஸ வேலை செய்ய விடல. இதே மாதிரி பாக்டீரியா வெஷத்துல செஞ்ச மொக்ஸெடுமோமாப்ங்குற மருந்துக்கு 2018ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுச்சு, அது ஒரு அரிய ரத்தப் புத்துநோய்க்கு, 2023ல அங்க விக்கிறதையும் நிப்பாட்டிட்டாங்க. மார்புக் கட்டி மாதிரி கெட்டியான கட்டிக்குள்ள இந்த மாதிரி மருந்து நல்லா எறங்குறது ரொம்ப கஷ்டம்.

ஆனா இதே யோசனையில புரத வெஷத்துக்குப் பதிலா வீரியமான கீமோ மருந்த ஆன்டிபாடியில கோத்தாங்க பாருங்க, அது மார்புப் புத்துநோய்க்கே வந்துருச்சு. டிடிஎம்1னு ஒண்ணு, 2013லேர்ந்து இருக்கு, ஹெர்2ங்குற புரதம் நெறய இருக்குற கட்டிக்குத்தான் அது ஆகும். அம்மாவோட பயாப்ஸி ரிப்போர்ட்ட எடுத்து ஹெர்2க்கு நேரா என்ன போட்டிருக்குன்னு பாருங்க, 3+னா பாசிட்டிவ், 2+னா ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட் எடுக்கணும். அந்தத் தாளக் கையில வச்சுக்கிட்டு அம்மாவுக்கு இப்ப எந்த மருந்து பொருந்தும்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அடுத்த தடவ போறப்ப சித்தப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.