கிரகத்தோட சூடு எதுல இருக்கு? டீச்சர்ஸ் கேட்ட சில கேள்விகள்

"வெள்ளி புதனை விட சூடுன்னு சொன்னா பசங்க மனப்பாடம் பண்ணிக்கிறாங்க, ஏன்னு கேட்டா முழிக்கிறாங்க. எப்படி ஆரம்பிக்கிறது?"

விடையை முதல்லயே சொல்லிடாதீங்க, அதுதான் பிரச்சனையே. புதன்ல பகல்ல 430 டிகிரி, ராத்திரி மைனஸ் 180, வெள்ளியில ராப்பகல் எந்நேரமும் 460க்கு மேல, இந்த நம்பரை மட்டும் போர்டுல எழுதி ஏன்னு யோசிக்க விடுங்க. கிட்ட இருக்கிறதுதான் சூடுன்னு நினைச்சவங்க அங்கேயே மாட்டிக்குவாங்க. அப்புறம் இன்னொன்னு சொல்லுங்க, வெள்ளியோட மேகம் வர்ற வெளிச்சத்துல முக்கால்வாசியை அப்படியே திருப்பி அனுப்பிடுது, அதனால அது உள்ள வாங்குற வெயில் பூமி வாங்குறதை விட கம்மி! வெயிலை மட்டும் வச்சுப் பார்த்தா வெள்ளி நம்மளை விட குளிரா இருக்கணும். இந்த இடத்துல கிளாஸ் அமைதியாயிடும், அந்த அமைதியை அவசரப்பட்டு கலைச்சிடாதீங்க. பூமியை விட 90 மடங்கு அழுத்தமுள்ள காத்து, அதுல 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, தரை விடுற அகச்சிவப்பு வெப்பம் சீக்கிரம் வெளியேற வழியே இல்லன்னு அதுக்கப்புறம் சொன்னா போதும்.

"பாட்டில்ல கார்பன் டை ஆக்சைடு நிரப்பி லைட் அடிச்சு காட்டுற சோதனை சரியா?"

நானும் பல வருஷம் அதைத்தான் பண்ணேன், இப்ப பண்றதில்ல. அந்த பாட்டில் சூடாகுறதுக்கு முக்கிய காரணம் பசுமை இல்ல விளைவு (வெளியேறுற வெப்பத்தை வாயு பிடிச்சு வைக்கிறது) கிடையாது, எடையான வாயு கீழயே தங்கி மேல இருக்கிற காத்தோட சரியா கலக்காததுதான். வெப்பத்தை உறிஞ்சவே உறிஞ்சாத ஆர்கானை நிரப்பினாலும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் சூடேறும். ரிசல்ட் சரியா வருது, காரணம் தப்பு, பசங்களுக்கு இதைக் காட்டக்கூடாதுன்னு உறுதியா சொல்வேன்.

பதிலா ஒரு பந்தை எடுத்து சுவத்துல நிழல் விழ வைங்க. நிழல் ஒரு வட்டம், ஆனா பந்தோட மொத்த மேற்பரப்பு அந்த வட்டத்தை விட நாலு மடங்கு. அதனால பூமிக்கு ஒரு சதுர மீட்டருக்கு வர்ற 1361 வாட் வெயிலை நாலால வகுத்தா சராசரி 340, அதுல 30 சதவீதம் மேகம், பனின்னு பட்டு திரும்பிடுது, மிச்சம் சுமார் 240. இவ்வளவை வாங்கி இவ்வளவையே வெளிய விடுற ஒரு பொருளோட வெப்பநிலை என்னன்னு கணக்குப் போட்டா மைனஸ் 18 வரும். பூமியோட நிஜ சராசரி 15. நடுவுல இருக்கிற 33 டிகிரி எங்கிருந்து வந்துச்சுன்னு பசங்களே கேப்பாங்க பாருங்க, காத்து மண்டலத்தைப் பத்தி பேச அதை விட நல்ல நேரம் கிடைக்காது.

"மார்ஸ்லயும் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடுதானே, அது மட்டும் ஏன் சராசரி மைனஸ் 60?"

காத்து ரொம்ப மெல்லிசுன்னு சொல்லி முடிச்சிடுவோம், அது பாதி பதில்தான். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல இருக்கிற கார்பன் டை ஆக்சைடை கணக்குப் பார்த்தா மார்ஸ்ல நம்மளை விட அதிகம். ஆனா அங்க அழுத்தம் பூமியில இருக்கிறதுல ஒரு சதவீதம் கூட இல்ல, அழுத்தம் குறைஞ்சா வாயு உறிஞ்சுற அலைநீளப் பட்டைகள் ஒடுங்கிடும், இடைவெளி வழியா வெப்பம் தப்பிச்சிடும். நீராவியும் பேருக்குத்தான். பூமியில பசுமை இல்ல விளைவுல பெரிய பங்கு நீராவியோடதுங்கிறதை இங்க சேர்த்து சொல்லிடுங்க. வெயிலும் நமக்கு வர்றதுல பாதிக்கும் கம்மி.

"பூமி ஜனவரியில சூரியனுக்குக் கிட்ட இருக்கு, அப்புறம் ஏன் வடக்குல குளிர்?"

தூர வித்தியாசம் 3 சதவீதம்தான், 23.5 டிகிரி சாய்வு பண்ற வேலை அதை விட ரொம்பப் பெருசு. கிராஃப் ஷீட்ல டார்ச்சை நேரா அடிச்சு கட்டத்தை எண்ணச் சொல்லுங்க, அப்புறம் அதே தூரத்துல இருந்து தாளுக்கு 30 டிகிரி கோணத்துல சாய்ச்சு அடிங்க, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கட்டம் வரும். அதே வெளிச்சம் பரவிப் போச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பாதிதான். பகல் நேரமும் குறையுதுன்னு சேர்த்துக்குங்க.

"சூரியன்ல இருந்து நிலாவும் நாமளும் ஒரே தூரம்தானே, அப்புறம் ஏன் அங்க சூடு வேற மாதிரின்னு ஒரு குழந்தை கேக்குது, என்ன சொல்றது?"

சரியா கேட்டிருக்காங்க, அந்தக் குழந்தையை பாராட்டுங்க! காத்து இல்ல, கடல் இல்ல, ஒரு பகலே ரெண்டு வாரம். அதனால நிலநடுக்கோட்டுப் பக்கம் பகல்ல 120 டிகிரி, ராத்திரி மைனஸ் 130.