பிளஸ் டூவில் 94, கல்லூரியில் தடுமாற்றம்: இயற்பியல் மாணவரின் அப்பாவுக்கு

வணக்கம் சார்.

பிளஸ் டூ இயற்பியலில் 94 வாங்கிய உங்கள் மகன், பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து முதல் இன்டர்னலிலேயே மெக்கானிக்ஸில் (விசை, இயக்கம் பற்றிய பாடத்தில்) சறுக்கிவிட்டார். "எனக்கு பிசிக்ஸ் வராதுப்பா, பி.சி.ஏ.வுக்கு மாத்திக்கறேன்" என்கிறார். சேர்த்துவிட்டதே தப்போ என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்.

தம்பியிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, நேராக மேலே சுண்டச் சொல்லுங்கள். அது கையை விட்டுக் கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, பாதி வழியில், அதன் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன? காற்றின் தடையை விட்டுவிடலாம். தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டட்டும். கீழ்நோக்கி ஓர் அம்பு, மேல்நோக்கி அதைவிடப் பெரிதாக இன்னோர் அம்பு என்று போட்டால் ஆச்சரியப்படாதீர்கள். உங்களுக்கும் எனக்கும்கூட முதலில் அப்படித்தான் போடத் தோன்றும். சரியான விடையில் ஒரே அம்புதான்: கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை. கையை விட்ட கணத்திலேயே கையின் விசை முடிந்துவிட்டது. நாணயத்திடம் மிச்சமிருப்பது வேகம் மட்டும்.

ஜான் கிளெமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதே கேள்வியைப் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கேட்டு, 1982இல் முடிவை வெளியிட்டார். பெரும்பாலோர் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டிருந்தார்கள். மெக்கானிக்ஸ் பாடத்தை முடித்துவிட்டு வந்தவர்களிலும் பெரும்பாலோர் அதையேதான் செய்தார்கள்! இன்னும் பின்னால் போனால், 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த பூரிதான் என்ற அறிஞர், எறிபவர் பொருளுக்குள் ஒரு உந்துதலைச் செலுத்துகிறார், அதுதான் அதைத் தொடர்ந்து நகர்த்துகிறது என்று விளக்கியிருக்கிறார். உங்கள் மகனின் அந்த மேல்நோக்கிய அம்பும் கிட்டத்தட்ட அதுதான். அறிவாளிகள் நூற்றாண்டுக் கணக்கில் நம்பிய ஒன்றை 18 வயதுப் பையன் நம்பினால் அவனுக்குத் திறமை இல்லை என்று சொல்ல முடியுமா?

இந்த எண்ணம் அனுபவத்தில் இருந்து வருகிறது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். பீரோவைத் தள்ளுவதை விட்டால் அதுவும் நின்றுவிடும். உராய்வு இல்லாத உலகத்தில் நாம் யாரும் வாழ்ந்ததில்லை. அதனால் "நகர வேண்டுமானால் விசை வேண்டும்" என்று மனம் தானாகவே ஒரு விதியை எழுதிக்கொள்கிறது. நியூட்டனின் விதிகளைப் படித்தவுடன் அந்தப் பழைய விதி அழிந்துவிடுவதில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தேர்வுக்கு ஒன்று, வாழ்க்கைக்கு ஒன்று.

ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற பேராசிரியர் 1990 வாக்கில் தன் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட எளிய கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, இல்லை நான் நினைக்கிறபடி எழுதவா?" என்று கேட்டாராம். கனமான லாரியும் சின்னக் காரும் மோதினால் எது எதன் மீது அதிக விசை செலுத்தும் என்ற ரகக் கேள்விகள் அவை. இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே லாரி என்று பதில் சொல்கிறார்கள்.

ஆகவே அந்த 94 பொய்யில்லை. ஆனால் புக் பேக் கேள்விகள், தருவித்தல்கள், சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுப்பது ஆகியவற்றைத்தான் அது பெரும்பாலும் அளந்தது. கல்லூரியில் கேள்வியின் முகம் மாறுகிறது. பழைய உள்ளுணர்வு அங்கேதான் வெளியே வருகிறது.

டியூஷன் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கணக்குகளை இன்னும் இன்னும் போட வைக்கிற டியூஷன் என்றால் வேண்டாம் என்பேன். தென் கொரியாவில் கிம், பாக் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் சேர்ந்த 27 மாணவர்கள். பள்ளிக் காலத்தில் ஒவ்வொருவரும் 300 முதல் 2900 வரை இயற்பியல் கணக்குகளைப் போட்டவர்கள், சராசரி சுமார் 1500. அத்தனைக்குப் பிறகும் அடிப்படைக் குழப்பங்கள் அப்படியே இருந்தன. நிறையக் கணக்குப் போட்டவருக்குக் கருத்துத் தெளிவு அதிகம் என்றும் சொல்ல முடியவில்லை. கோச்சிங் சென்டர் கட்டணம் கட்டும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

யூடியூபும் முழு மருந்தாகாது. வெரிட்டாசியம் சேனல் நடத்தும் டெரெக் மல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு இதைத்தான் சோதித்தார். சரியான விளக்கத்தை மட்டும் தெளிவாகச் சொன்ன வீடியோக்களை மாணவர்கள் பாராட்டினார்கள். ஆனால் பெரிதாகக் கற்கவில்லை. தவறான எண்ணத்தை முதலில் சொல்லி, பிறகு அதை உடைத்த வீடியோ குழப்புகிறது என்றார்கள். மதிப்பெண் கூடியது அதில்தான். "புரிஞ்ச மாதிரி இருக்கு" என்று தம்பி சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அப்புறம் என்னதான் செய்வது? கணக்கைத் தொடும் முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்" என்பதை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். தவறாக இருந்தாலும் அந்த வரியை அடித்துவிட வேண்டாம். விசைப் படம் வரையும்போது ஒவ்வொரு அம்புக்கும் "இதைச் செலுத்துவது எந்தப் பொருள்?" என்று கேட்டுக்கொள்ளட்டும். நாணயத்தின் மேல்நோக்கிய அம்புக்குப் பதில் சொல்ல முடியாமல் அவரே மாட்டிக்கொள்வார். மூன்றாவது, கூட ஒரு நண்பர் வேண்டும். மசூர் பின்னாளில் தன் வகுப்பையே இப்படி மாற்றினார்: கேள்வி, தனித்தனியாகப் பதில், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி பதில். இதற்குக் காசு செலவில்லை, ஹாஸ்டல் அறையே போதும். ஃபெட் (PhET) என்ற பெயரில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் கணினி மாதிரிகளில் உராய்வைப் பூஜ்யமாக்கி விளையாடிப் பார்க்கலாம்.

அடுத்து மின்னியல் வரும்போது இதே கதை மறுபடி நடக்கும். தொடராக இணைத்த இரண்டு பல்புகளில் முதல் பல்பு கொஞ்சம் மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று தவறாகத் தோன்றும். இப்போதே சொல்லி வையுங்கள், அப்போது மனம் உடைய மாட்டார்.

இந்த உழைப்பு மேற்படிப்புக்கும் உதவும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள கேள்விகள் வரும். எல்லாச் சரியான விடைகளையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதி மதிப்பெண் கிடையாது. சூத்திரத்தை மட்டும் நம்புபவர் அங்கே திணறுவார்.

துறை மாறுவது பற்றி: நாணயக் கேள்வியில் தவறு என்று தெரிந்ததும் "அது எப்படி?" என்று தம்பி உங்களோடு மல்லுக்கு நின்றால் இயற்பியலிலேயே விடுங்கள். அவருடைய சிக்கல் நுண்கணிதம் என்றால் அது வேறு நோய். கணிதத்துக்குத்தான் உதவி தேட வேண்டும். எதிலும் ஆர்வமே இல்லாமல் தோளைக் குலுக்கினால் பி.சி.ஏ. பற்றிப் பேசலாம், தப்பில்லை. ஆனால் மாறுவதற்கு அங்கே இடம் காலியாக இருக்க வேண்டும், பல்கலைக்கழக விதியும் இடம் கொடுக்க வேண்டும். கடைசித் தேதி எது என்று கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.